கிணற்று நீரின் நிறமும் குணமும்

மறைநூலில் கிணறுகளுக்குத் தனி இடம் உண்டு. ஆபிரகாமின் ஊழியன் ரெபேக்காளைக் கண்டது தண்ணீர் மொள்ளும் இடத்தில். யாக்கோபு இராக்கேலைச் சந்தித்தது கிணற்றருகில். நம் ஆண்டவர் வழிநடந்த களைப்போடு அமர்ந்து, சமாரியப் பெண்ணிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டதும் ஒரு கிணற்றங்கரையில்தான். ஆயினும் எல்லாத் தண்ணீரும் நல்ல தண்ணீரன்று என்பதையும் அதே மறைநூல் ஒளிக்காமல் உரைக்கின்றது. பாலைவழியே வந்த இஸ்ராயேல் மக்கள் மாரா என்னும் இடத்தில் நீரைக் கண்டு மகிழ்ந்தனர். வாயில் வைத்ததும் கசந்தது. எரிக்கோ நகரத்தார் எலிசேயு இறைவாக்கினரிடம் வந்து, தங்கள் ஊர் நல்ல இடத்தில் அமைந்திருந்தும் தண்ணீர் கெட்டதாயிருக்கிறது என்று முறையிட்டனர்.

எரிக்கோ மக்களின் அந்த முறையீட்டை இன்றும் அப்படியே எழுப்பக்கூடிய மக்கள் உலகில் உள்ளனர். அவர்கள் ஊரில் மழைக்குக் குறைவில்லை; பசுமைக்குக் குறைவில்லை; எங்கே தோண்டினாலும் இரண்டொரு முழத்தில் நீர் ஊறுகிறது. ஆனால் அந்நீர் கடுந்தேநீரின் நிறத்தில் இருக்கிறது. நாவில் பட்டால் புளிக்கிறது. வெள்ளைத் துணியைத் துவைத்தால் பழுப்பேறுகிறது. இதைக் குடிக்கலாமா? குழந்தைக்குக் கொடுக்கலாமா? காய்ச்சினால் போதுமா? இக்கேள்விகளுக்கு விடை காண்பது அவர்களுக்கு மட்டுமன்றி, கிணற்றை நம்பி வாழும் எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்தரும். ஏனெனில் நீரின் நிறத்தைக் கொண்டு அதன் குணத்தை மதிப்பிடும் பழக்கம் நம் எல்லாரிடத்தும் இருக்கின்றது.

பீட் நிலம் என்பது யாது?

மரமும் செடியும் மடிந்து விழுந்தால் சாதாரணமாக அவை மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும். ஆனால் ஆண்டு முழுவதும் நீர் தேங்கி நிற்கும் தாழ்நிலத்தில் காற்று உட்புகுவதில்லை. அங்கே விழும் இலையும் வேரும் கட்டையும் பாதி மக்கியும் பாதி மக்காமலும் அடுக்கடுக்காகப் படிகின்றன. பள்ளிப் பாடத்தில் முற்றா நிலக்கரி என்று படித்தோமே, அதுவே ‘பீட்’. அது ஓராண்டில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுதான் உயரும். போர்னியோவிலும் சுமத்ராவிலும் 10 மீட்டருக்கு மேற்பட்ட ஆழமுள்ள படிவங்கள் உள்ளன என்றால், அவை எத்தனை ஆயிரம் ஆண்டுகளின் சேமிப்பு என்பதை நாமே கணக்கிட்டுக் கொள்ளலாம். நீர் தோய்ந்த நிலையில் அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரே. நிலம் என்று சொல்வதைவிட நீர் நிறைந்த பஞ்சு என்று சொல்வது பொருந்தும்.

இத்தகைய நிலம் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பின்லாந்திலும், ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுப் படுகையிலும் உண்டு. நமது நீலகிரியின் உயர்ந்த பள்ளத்தாக்குகளிலும் சிறு திட்டுகளாகக் காணப்படுகிறது. இலங்கையில் கொழும்புக்கு வடக்கே நீர்கொழும்புக் களப்புவரை பரந்துகிடக்கும் முத்துராஜவெல சதுப்பும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் பீட் நிலத்தின் மீதே பெருந்தொகையான மக்கள் வீடுகட்டி வாழும் நாடு இந்தோனேசியா. அங்கு 1 கோடியே 30 இலட்சம் ஹெக்டேருக்கு மேல் பீட் நிலம் உள்ளது. அதில் போர்னியோத் தீவின் மத்திய கலிமந்தான் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தலைநகர் 1957-இல் நிறுவப்பட்ட பலங்காராயா. 1993 முதல் அது ஒரு கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையிடமும் ஆகும். ஆற்றோரம் தூண்கள்மேல் வீடுகட்டி வாழும் டயாக் பழங்குடியினரும், ஜாவா முதலிய தீவுகளிலிருந்து குடியேறியவர்களும் அங்கு அடுத்தடுத்து வாழ்கின்றனர். அருகிலுள்ள செபங்காவ் ஆறு கறுப்பு ஆறு என்றே பெயர் பெற்றது.

நிறம் எங்கிருந்து வருகிறது?

தேயிலையை வெந்நீரில் இட்டால் சாறு இறங்குவது போல, பாதி மக்கிய மரத்தின் சாறு மழைநீரில் இறங்குகிறது. ஹியூமிக் அமிலம், ஃபுல்விக் அமிலம் என இச்சாற்றுப் பொருள்களுக்குப் பெயர். மாராவில் மோயீசன் ஒரு மரத்தைத் தண்ணீரில் போட்டார், கசப்பு நீங்கியது. இங்கோ மரமே தண்ணீரைப் புளிக்கச் செய்கிறது!

நீரின் புளிப்பை அளக்கும் பி.எச். என்னும் கணக்கில் 7 நடுநிலை. அதற்குக் கீழே போகப் போக அமிலம் மிகும். குழாய் வழியே வழங்கும் குடிநீர் 6.5 முதல் 8.5 வரை இருப்பது நல்லது என்பர். பீட் நிலக் கிணற்று நீரோ பெரும்பாலும் 3-க்கும் 4.5-க்கும் இடையில் நிற்கிறது. நிறத்தை அளக்கும் கணக்கில் 15 என்னும் அளவுக்கு மேற்பட்டால் பெரும்பாலோர் கண்ணுக்குப் பழுப்புத் தெரியும். பீட் நீரில் அது பல நூறுகளாக இருப்பதுண்டு.

இங்கே ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அந்தப் பழுப்பு நிறம் தன்னளவில் கொடிய நஞ்சன்று. தலைமுறை தலைமுறையாக மக்கள் அதைக் குடித்து வாழ்ந்தும் இருக்கின்றனர். பாட்டன் குடித்த தண்ணீர்தானே என்று எண்ணத் தோன்றுவதும் இயல்பு. ஆனால் நிறம் நஞ்சன்று என்பதால் நீர் நலமுடையது ஆகிவிடாது. தீங்கு நிறத்தில் இல்லை. நிறத்தோடு கூட வருவனவற்றில் இருக்கிறது.

மூன்று தீங்குகள்

முதலாவது, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 30 மீட்டர் தூரமாவது இருக்க வேண்டும்; மலக்குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டராவது மேலே நிற்க வேண்டும் என்பது சுகாதாரத் துறையினர் பொதுவாகக் கொள்ளும் விதி. பீட் நிலத்தில் நீர்மட்டம் காலடியிலேயே இருக்கிறது. அங்கே தோண்டும் எந்தக் குழியும் நீரிலேயே போய் முடியும். மழைக்காலத்தில் வெள்ளம் ஏறும்போது குழியும் கிணறும் ஒன்றாகிவிடுகின்றன. ஆற்றின்மேல் மிதக்கும் கழிப்பிடங்களும் அம்மாநிலத்தில் உண்டு. அமில நீரில் சில கிருமிகள் விரைவில் மடியும் என்பது உண்மையே. ஆனால் எல்லாம் மடியும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நாள்தோறும் புதிது புதிதாகக் கழிவு கலக்கும் கிணற்றில் அந்த நம்பிக்கைக்கு இடமே இல்லை. வயிற்றுப்போக்கினால் உலகில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் தெரிவித்தது. தீங்குகளுள் முதலிடம் இதற்கே உரியது.

இரண்டாவது, கரைந்து வரும் உலோகங்கள். புளிப்புள்ள நீர் தான் தொட்டதையெல்லாம் அரிக்கும். மண்ணிலுள்ள இரும்பையும் மாங்கனீசையும் அலுமினியத்தையும் கரைத்துக்கொண்டு வரும். துத்தநாகம் பூசிய தகரத் தொட்டி, செம்புக் குழாய், ஈயப் பற்று ஆகியவற்றிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்ளும். சிமெண்ட் உறைகளிலுள்ள சுண்ணாம்பையும் தின்னும். இது புதிதாகக் கண்ட உண்மையன்று. 1880-களில் வட இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் மக்கள் பலர் ஈய நஞ்சினால் நோயுற்றனர். நகருக்கு வந்த நீரில் ஈயம் இல்லை. பீட் படர்ந்த மேட்டு நிலத்திலிருந்து வந்த அந்த அமில நீர், வீட்டு ஈயக் குழாய்களைக் கரைத்து நஞ்சாக்கியது என்று பின்னர் தெளிந்தனர். ஊற்றில் நன்றாயிருந்த நீர் குவளைக்கு வருமுன் கெட்டதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? பல்லின் மேற்பூச்சு பி.எச். 5.5-க்குக் கீழே கரையத் தொடங்கும் என்பது பல் மருத்துவர்கள் அறிந்தது. எந்நேரமும் புளித்த நீரில் வாய் கொப்பளித்துக் குடிக்கும் பிள்ளைகளின் பற்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கிணற்று நீரை வெறுத்து வேறு நீரை நாடும்போது நேரும் தீங்கு. ஆற்று நீர் சற்றுத் தெளிவாகத் தோன்றலாம். ஆனால் மத்திய கலிமந்தானின் கஹாயான், கபுவாஸ் ஆறுகளின் கரையில் சிறு அளவில் பொன் அரிப்போர் பாதரசத்தைப் பயன்படுத்தி வந்துள்ளனர். பொன்னைப் பிடித்துக்கொடுத்த பாதரசம் ஆற்றிலும் சேற்றிலும் தங்குகிறது. தேங்கிய சேற்று நீரில் நுண்ணுயிர்கள் அதை மேலும் கொடிய வடிவத்துக்கு மாற்றுகின்றன. அது மீனில் சேர்ந்து மனிதருக்கு வருகிறது. ஜப்பானில் மினமாத்தா ஊரில் 1956-இல் வெளிப்பட்ட துயரத்தை உலகம் மறக்கவில்லை. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாத்தா உடன்படிக்கையை இந்தோனேசியா 2017-இல் ஏற்றுக்கொண்டது. கையெழுத்து இட்டதால் ஆற்றுச் சேறு உடனே தூய்மையாகிவிடாது. இனி, விலைகொடுத்து வாங்கும் குடுவைத் தண்ணீரோ ஏழைக் குடும்பத்தின் அன்றாட வருவாயில் ஒரு பங்கை விழுங்குகிறது. அதுவும் எங்கே எவ்வாறு நிரப்பப்பட்டது என்பதைப் பொறுத்தே நம்பத்தக்கது.

தெளிந்த நீர் செய்த வஞ்சகம்

கறுத்த நீரைக் கண்டு அஞ்சுகிறவர்கள் தெளிந்த நீரைக் கண்டு அயர்ந்துவிடலாகாது. இதற்கு வங்காளம் தந்த பாடம் மிகக் கசப்பானது. குளத்து நீரால் காலராவும் வயிற்றுப்போக்கும் பரவியதால், 1970-கள் முதல் வங்காள தேசத்தில் குழாய்க் கிணறுகள் இலட்சக்கணக்கில் இறக்கப்பட்டன. நீர் பளிங்கு போல் இருந்தது. கிருமியும் குறைந்தது. ஆனால் 1993-இல் அந்நாட்டுக் கிணறுகளில் ஆர்செனிக் என்னும் நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்குத் தோலில் புள்ளியும் தடிப்பும் தோன்றின; புற்றுநோயும் தொடர்ந்தது. 2000-க்கும் 2003-க்கும் இடையில் சுமார் 50 இலட்சம் கிணறுகளைச் சோதித்து, நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பும் இல்லாதவற்றுக்குப் பச்சையும் பூசினர்.

இதற்கும் பீட் நிலத்துக்கும் தொடர்பு உண்டா? உண்டு. ஆற்றுமுகத்து மண்ணில் ஆழத்தில் புதைந்த தாவரப் பொருள், காற்றில்லாத நிலையில் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவை இரும்புத் துருவைக் கரைக்கும்போது, துருவைப் பற்றியிருந்த ஆர்செனிக்கும் நீரில் இறங்குகிறது. புதைந்த பீட் அடுக்குகளுக்கும் இதில் பங்குண்டு என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆகவே பீட் அடுக்கைத் துளைத்துக் கீழேயுள்ள மணலிலிருந்து ஆழ்துளைக் கிணற்றில் தெளிந்த நீர் வந்ததும், இனிக் கவலையில்லை என்று கொண்டாடுவது தகாது. இரும்பு, மாங்கனீசு, ஆர்செனிக், உப்பு ஆகிய நான்கையும் சோதித்த பின்னரே அந்தக் கிணற்றை ஊருக்குத் திறக்க வேண்டும். நிறமுள்ள நீர் எல்லாம் நஞ்சுமன்று. நிறமற்ற நீர் எல்லாம் அமுதுமன்று.

கால்வாய் வெட்டியவர் யார், கிணறு கெட்டது யாருக்கு?

ஈசாக்கின் தந்தை காலத்தில் தோண்டிய கிணறுகளைப் பிலிஸ்தியர் மண்போட்டுத் தூர்த்தார்கள் என்று ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். பிறர் செயலால் ஒருவர் கிணறு கெடுவது அன்று தொட்டு நிகழ்ந்து வருவது.

1995-ஆம் ஆண்டின் இறுதியில், அன்றைய இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ, மத்திய கலிமந்தானின் பீட் காடுகளில் 10 இலட்சம் ஹெக்டேரை நெல்வயலாக்க ஆணையிட்டார். நாட்டுக்கு அரிசி வேண்டும் என்பதே நோக்கம். காடு வெட்டப்பட்டது. நீரை வடிக்க 4,000 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய்கள் தோண்டப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. ஆனால் புளித்த அந்த மண்ணில் நெல் எதிர்பார்த்தபடி விளையவில்லை. 1997-இல் வறட்சி வந்தபோது, நீர் வடிந்து காய்ந்த பீட் தீப்பற்றி மண்ணுக்குள்ளேயே மாதக்கணக்கில் கனன்றது. ஓரிரு ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. கால்வாய்களோ அப்படியே இருந்தன. நீரை வடித்துக்கொண்டே இருந்தன.

அதனால் கிணற்றுக்கு நேர்ந்தது என்ன? பீட் அடுக்கின் கீழே பல இடங்களில் பழைய கடற்களிமண் உள்ளது. அதில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட் என்னும் கனிமம் உறங்குகிறது. நீருக்கடியில் இருக்கும்வரை அதனால் கேடில்லை. நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் அது கந்தக அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் களிமண்ணிலுள்ள அலுமினியத்தையும் இரும்பையும் கரைத்துக் கிணற்றில் சேர்க்கிறது. ஏற்கெனவே புளித்திருந்த நீர் மேலும் புளிக்கிறது. நிலமும் தாழ்கிறது. சுமத்ராவில் நடந்த ஆய்வுகளின்படி, நீர் வடிக்கப்பட்ட பீட் நிலம் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 1.4 மீட்டரும், பின்னர் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டரும் அமிழ்கின்றது. தாழ்ந்த நிலத்தில் வெள்ளம் ஏறுகிறது. கடலோரமாயின் உப்பும் ஏறுகிறது. அரிசிக்காக வெட்டிய கால்வாய் அரிசியையும் தரவில்லை, குடிநீரையும் கெடுத்தது. ஆணையிட்டவர்கள் தலைநகரில் இருந்தார்கள். வாளியைக் கையில் பிடித்திருந்தவள் அந்த ஊர்த் தாய்.

2015-இல் மீண்டும் பெருந்தீ மூண்டு, நாடெங்கும் சுமார் 26 இலட்சம் ஹெக்டேர் எரிந்தது. அதன் பிறகே 2016 சனவரியில் அதிபர் ஜோக்கோ விடோடோ, பீட் நிலத்தைச் சீரமைப்பதற்கென ஒரு தனி அமைப்பை ஏற்படுத்தினார். கால்வாய்களுக்குக் குறுக்கே தடுப்பணைகள் கட்டி நீரைத் தேக்கினர். நீர்மட்டம் தரைக்குக் கீழே 0.4 மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது என்று அதே ஆண்டில் அரசு விதி செய்தது.

நல்ல விதிதான். ஆனால் அதனோடு இன்னொரு கடமையும் சேர்ந்தே வருகிறது. நீர்மட்டம் உயர்ந்தால் தீ அணையும், நிலம் நிலைக்கும். ஆனால் மலக்குழியும் கிணறும் முன்னிலும் நெருங்கிவிடும். ஆதலால் அடைப்புள்ள தொட்டியோடு கூடிய மேடைக் கழிப்பிடங்கள் இன்றி நீர்மட்டத்தை மட்டும் உயர்த்துவது பாதி வேலையே. காட்டைக் காப்பவர்களும் குழந்தையைக் காப்பவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து திட்டமிட வேண்டும்.

எந்த வைத்தியம் எதற்கு?

காய்ச்சுதல்: நீர் நன்கு தளதளவென்று கொதித்து, ஒரு நிமிடமாவது கொதிநிலையில் நின்றால் நோய்க்கிருமிகள் மடியும். முதல் தீங்குக்கு இதுவே எளிய மருந்து. ஆனால் கொதிக்க வைப்பதால் நிறம் நீங்காது, புளிப்பு நீங்காது, இரும்பும் ஆர்செனிக்கும் போகா. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

குளோரின்: பழுப்பு நீரில் பிளீச்சிங் பவுடரைத் தூவினால், கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரினை ஹியூமிக் பொருள்களே முதலில் தின்றுவிடும். போட்டோம் என்ற நிறைவு மட்டும் நமக்கு இருக்கும், கிருமிகளும் இருக்கும். அன்றியும், இவ்விரண்டும் கூடும்போது குளோரோஃபார்ம் போன்ற வேண்டாத பொருள்கள் உண்டாகின்றன என்பதை ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் குடிநீர் நிலையத்தைச் சேர்ந்த ரூக் என்னும் வேதியியலார் 1974-இல் வெளிப்படுத்தினார். இதற்கு அஞ்சிக் குளோரினையே கைவிடுவது பெருந்தவறு. கிருமியின் தீங்கு அதனினும் பெரிது. முதலில் நிறத்தை நீக்கி, அதன் பின்னரே குளோரின் இட வேண்டும் என்பதே முறை.

வெயில்: தெளிந்த நீரைக் கண்ணாடி போன்ற குப்பிகளில் நிரப்பி வெயிலில் வைத்துக் கிருமி நீக்கும் முறை சில நாடுகளில் நன்கு பயன்பட்டது. பழுப்பு நீர் வெயிலின் அந்தக் கதிர்களை உள்ளே விடாது. ஆகவே பீட் நீருக்கு இம்முறை ஒவ்வாது.

தேற்றாங்கொட்டை: நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்தனர். மிதக்கும் களிமண் துகள்களுக்கு அது ஏற்றது. கரைந்த சாயம் போன்ற பீட் நிறத்துக்கு அது போதாது.

படிகாரமும் சுண்ணாம்பும்: பீட் நீருக்கு வீட்டளவிலும் ஊரளவிலும் கைகொடுப்பது இவ்விரண்டின் கூட்டே. படிகாரம் ஹியூமிக் பொருள்களைப் பற்றிக்கொண்டு பஞ்சு போன்ற திப்பிகளாகத் திரண்டு அடியில் படியச் செய்கிறது. ஆனால் மிகப் புளித்த நீரில் அது செவ்வனே வேலை செய்யாது. படிகாரமும் தன் பங்குக்குப் புளிப்பை ஏற்றும். ஆகவே சுண்ணாம்பைக் கொண்டு முதலில் புளிப்பைத் தணிக்க வேண்டும். அளவு கிணற்றுக்குக் கிணறு வேறுபடும். நான்கைந்து கண்ணாடித் தம்ளர்களில் ஒரே நீரை எடுத்து, வெவ்வேறு அளவு இட்டு, வேகமாக ஒருமுறையும் மெல்லப் பலமுறையும் கலக்கி, அரை மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். எதில் மிகக் குறைந்த அளவில் நீர் தெளிகிறதோ அதுவே அந்தக் கிணற்றுக்கு உரிய அளவு. மிகுதியாக இட்டால் அலுமினியம் நீரிலேயே தங்கிவிடும். தெளிந்ததை மணலிலும் மரக்கரியிலும் வடித்து, இறுதியில் காய்ச்சவோ குளோரின் இடவோ வேண்டும். இவ்வரிசையை மாற்றினால் பயனில்லை. இத்தனையும் செய்தாலும் ஆர்செனிக், பாதரசம் பற்றிய ஐயத்துக்குச் சோதனைச்சாலை ஒன்றே விடை தர முடியும்.

மழைநீர்: மத்திய கலிமந்தானில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கும் மேல். ஆகவே குடிக்கவும் சமைக்கவும் மழைநீரைச் சேர்ப்பதே பல குடும்பங்களுக்கு மிக எளிய வழி. கூரையைக் கழுவிவரும் முதல் நீரை வெளியே விட வேண்டும். புகைமூட்டக் காலத்தில் கூரையில் சாம்பல் படிந்திருக்கும். அப்போது இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. தொட்டிக்கு மூடியும் கொசு புகாத வலையும் இருக்க வேண்டும். மழைநீரையும் காய்ச்சியே குடிக்க வேண்டும். கோடையில் தொட்டி வற்றும் என்பதால், கிணற்று நீரைச் சுத்திகரிக்கும் முறையையும் கைவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல்

பிறந்தது முதல் ஆறு மாதம்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். ஒரு துளித் தண்ணீரும் வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. நீரில் ஐயமுள்ள ஊர்களில் இதைவிடச் சிறந்த பாதுகாப்பு எதுவும் இல்லை. இறைவன் தாயின் மார்பிலேயே ஒரு தூய ஊற்றை அமைத்திருக்கிறார். அதன் பிறகும் காய்ச்சிய நீரைக் குறுகிய வாயுள்ள பாத்திரத்தில் மூடிவைத்து, கைபடாமல் சாய்த்து ஊற்றிக் கொடுங்கள். கைவிட்டு மொள்ளும் குடத்தில் காய்ச்சியதன் பயன் அரை நாளில் போய்விடும். வயிற்றுப்போக்குக் கண்டால் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். மருத்துவ நிலையத்தில் கிடைக்கும் உப்பு சர்க்கரைத் தூளைக் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துக் கொடுத்து, மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

நமக்கும் இது பொருந்துமா?

நம் ஊர்களில் பெரும்பாலும் கிணற்று நீர் கறுப்பாயில்லை. அதனாலேயே நாம் அதைச் சோதிப்பதில்லை! நமது கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் எத்தனை அடி தூரம் என்று எத்தனை வீட்டில் அளந்து பார்த்திருக்கிறோம்? கண்டு நம்புகிறோமே தவிர, கேட்டறிந்து நம்புவதில்லை. மலக்கழிவு கலந்துள்ளதா என்பதை அறிய, குப்பியில் நீரை ஊற்றிவைத்தால் கறுப்பாக மாறிக் காட்டும் ஓர் எளிய சோதனையை இந்திய ஆய்வாளர்கள் 1982-இலேயே வெளியிட்டனர். விலை குறைந்த அந்தச் சோதனையை உயர்நிலைப் பள்ளி மாணவரும் செய்யலாம். கந்தகம் மிகுந்த நீரில் அது தவறாகக் காட்டக்கூடும் என்பதால், கறுத்தால் சோதனைச்சாலையில் உறுதிசெய்து கொள்ள வேண்டும். பங்கின் இளைஞர் சபையும் மாதர் சங்கமும் ஒரு ஞாயிறு பிற்பகலைச் செலவிட்டால், ஊரிலுள்ள பொதுக் கிணறுகள் அனைத்தையும் ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும் சோதித்துவிடலாம். முடிவைக் கோவில் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம். எந்தச் சமயத்தவர் கிணறாயினும் சோதிக்கலாம். கிருமி சமயம் பார்ப்பதில்லை.

2010 சூலை 28-இல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, தூய குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் வெளியிட்ட தமது சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் கிடைப்பது அடிப்படை உரிமை என்றும், நீரின்றி ஏழைகளை விட்டுவிடும் உலகம் அவர்களுக்குப் பெருங்கடன் பட்டிருக்கிறது என்றும் கற்பித்தார். உரிமை என்று ஏட்டில் எழுதுவதற்கும், ஒரு தாய் அச்சமின்றித் தன் குழந்தைக்கு ஒரு குவளை நீர் தருவதற்கும் இடையே செய்ய வேண்டிய வேலைகள் பல உள்ளன. சுண்ணாம்பும் படிகாரமும் அளப்பது ஒன்று. தடுப்பணை கட்டுவது ஒன்று. கழிப்பிடத்தை மேடையில் ஏற்றுவது ஒன்று. கிணற்றைச் சோதித்து முடிவை ஊரறியச் சொல்வது ஒன்று.

எரிக்கோ நகரத்தார் கெட்ட நீரைப் பழகிக்கொள்ளவில்லை, வாய்விட்டுச் சொன்னார்கள். எலிசேயுவும் அவர்களைப் பொறுத்திருக்கச் சொல்லவில்லை. புதுக் கலத்தில் உப்பைக் கொண்டுவரச் சொல்லி நேரே ஊற்றுக்கே சென்றார். கெட்ட நீரைப் பற்றி முறையிடுவோர் இன்று நம் பங்கிலும் இருக்கலாம். அவர்களோடு கிணற்றங்கரைவரை நடந்து செல்வது நம் கடமை. சின்னஞ்சிறியவருக்குத் தரும் ஒரு குவளைத் தண்ணீருக்கும் கைம்மாறு உண்டு என்று ஆண்டவர் வாக்களித்தார். அந்தக் குவளையில் இருப்பது நல்ல தண்ணீரா என்று பார்த்துக் கொடுப்பதும் அந்த அன்பின் பகுதியே ஆகும்.